ஏழாம் நம்பர் கிரில்லின் டேப்

பதினொன்று பத்து. இந்த நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. "7 – முதல் பூச்சு – 11.10" என்று என் கையெழுத்தில், பென்சிலால், ஒரு துண்டுக் காகித டேப்பில் எழுதியிருக்கிறது. அந்த டேப் இப்போது என் டயரியின் உள் அட்டையில் ஒட்டியிருக்கிறது. நான் எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகுவதற்குள், நான் வேலைக்குப் போயிருந்த வீட்டின் டிரைவர் யாதகிரி மாடி வராந்தாவுக்கு ஓடி வந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அண்ணா, உங்க பாப்பா வேலை செய்யற கம்பெனி இதானே?" என்று தெலுங்கில் கேட்டான்.

போனில் கறுப்புப் புகை. புகைக்குப் பின்னால் நீலக்கோடு போட்ட தண்ணீர்த் தொட்டி. அன்று காலை எட்டு மணிக்கு அந்தத் தொட்டிக்குக் கீழேதான் என் மகள் ஜெனியை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டிருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் கம்பெனியில் இன்று வேலை செய்கிறவர்கள் கேட்ட ஒரு கேள்வி. நான் பதினான்கு வருடம் செய்த வேலை, வீடுகளில் சுவருக்குள் புதைத்து வைக்கும் ஸ்பீக்கர்களின் கிரில்லுக்கு, அதாவது ஸ்பீக்கரின் முகத்தை மூடும் பொடிப்பொடி ஓட்டைகள் கொண்ட இரும்புத் தகட்டுக்கு, அந்தந்த அறையின் நிறத்தில் பெயிண்ட் அடிப்பது. இப்போது சுவரில் வைத்தால் நிறத்தின் எண்ணைச் சொல்லும் கருவி வந்திருக்கிறது. நல்ல கருவி, எனக்கு அதன்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் கருவி சொன்ன எண்ணிலேயே பெயிண்ட் கலந்து அடித்தும் கிரில் தனியாகத் தெரிகிறதே, ஏன் அண்ணா என்று போன வாரம் கேட்டார்கள். பதில் இரண்டு வரிதான். அதை எழுத உட்கார்ந்தால் அந்த நாள்தான் முதலில் வருகிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் படிப்பு டிப்ளமோ. முதல் பன்னிரண்டு வருடம் அடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு பட்டறையில் நிறம் கலக்கும் பிரிவில் இருந்தேன். அங்கே கற்றது முக்கால்வாசி இங்கே உதவவில்லை. காருக்குப் பளபளப்பு வேண்டும். சுவருக்குப் பளபளப்பு ஆகாது. மீதிக் கால்வாசியை வைத்துக்கொண்டு லத்தீஃப் பாயிடம் சேர்ந்தேன்.

லத்தீஃப் பாய் எங்கள் பிரிவின் தலைவர். அவர் பேசுவது இந்த ஊர்ப் பேச்சான தக்னி உருது. இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருடைய 'நக்கோ'வையும் 'ஹவ்'வையும் மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். வேண்டாம், ஆமாம் என்பதற்கு அவரிடம் வேறு சொற்கள் இருந்ததில்லை. அவர் யாரையும் திட்டமாட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் நான்கு கிரில்களை எங்கள் கம்பெனிப் பட்டறை டியூப்லைட்டில் நிறம் பார்த்து அடித்துக்கொண்டுபோய் மாட்டினேன். சுவரில் நான்கு பிளாஸ்திரி ஒட்டியதுபோல் இருந்தது. அவர் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டு, "உக்காரு மியா" என்றார். உட்கார்ந்தேன். தானும் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டார். அரைமணி நேரம் இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நானே, "பாய், இந்த அறைக்கு வடக்கு வெளிச்சம். பட்டறையில பாத்தது தப்பு" என்றேன்.

"ஹவ்" என்று எழுந்து போய்விட்டார்.

அவருடைய முறை இது. கிரில்லைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் கூடாது, ஓரம் வளைந்துவிடும். வளைத்த கம்பியை ஓட்டையில் கோத்து மெதுவாக இழுக்க வேண்டும். முதல் வேலையாகப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளைத் துணியை உரித்து எடுக்க வேண்டும். அந்தத் துணி தூசிக்காக இருப்பது. அதன்மேல் பெயிண்ட் பட்டால் ஊறிக் காய்ந்து விறைத்துவிடும், சத்தம் வெளியே வராது. துணியை எடுத்த பிறகுதான் பின் விளிம்பில் டேப் ஒட்டி நம்பர் எழுத வேண்டும், பூச்சு தொடங்கும் நேரத்தையும் எழுத வேண்டும். டேப் ஒட்டியிருந்தால் துணி எடுத்தாயிற்று என்று பொருள். யார் வந்து பார்த்தாலும் அதுதான் பொருள். பிறகு பெயிண்டைத் தண்ணீராய்க் கரைத்து, வடிகட்டி, ஸ்ப்ரே கன்னைச் சாய்த்துப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் லேசாக, பனி இறங்குவதுபோல் அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் மூடிவிடலாம் என்று நினைத்தால் ஓட்டைகள் அடைந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அத்தனை ஓட்டையும் வெளிச்சம் விட வேண்டும். காய்ந்த பிறகுதான் துணியைத் திரும்ப ஒட்ட வேண்டும்.

நிறத்துக்கு வருகிறேன். சுவர் முழுத் தளம். கிரில் பாதி இரும்பு, பாதி ஓட்டை, ஓட்டைக்குள் இருட்டு. ஐந்தடி தள்ளி நின்றால் கண் இரும்பின் நிறத்தையும் ஓட்டையின் இருட்டையும் சேர்த்தேதான் பார்க்கும். சுவரில் அடித்த அதே டப்பாப் பெயிண்டை அடித்தாலும் கிரில் ஒரு படி கறுத்துத்தான் தெரியும். ஆகவே வெள்ளை சேர்த்து ஒரு படி வெளுப்பாகக் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கருவி சொல்லாது. அந்த அறையில், அந்த வெளிச்சத்தில், துண்டுக் கிரில்லில் அடித்துச் சுவரில் ஒட்டிவைத்து, வாசற்படியில் நின்று பார்க்க வேண்டும். இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

எல்லாம் மாட்டிய பிறகு லத்தீஃப் பாய் ஒரு சோதனை வைப்பார். வாட்ச்மேனையோ சமையல்காரம்மாவையோ, யார் கிடைக்கிறார்களோ அவர்களை வாசலில் நிறுத்தி, "இந்த அறையில ஸ்பீக்கர் எத்தனை, எண்ணுங்க" என்பார். எட்டு மாட்டிய அறையில் மூன்றோ அதற்குக் குறைவோ எண்ணினால் தேறினோம். அதற்கு மேல் போனால் கழற்ற வேண்டியதுதான்.

நான் சொல்லவந்த வீடு பட்டான்செருவுக்கு நாலைந்து கிலோமீட்டர் இந்தப் பக்கம், புதிய வில்லாக் குடியிருப்பில் நாற்பத்திரண்டாம் எண். வீட்டம்மா ரேவதி கோயம்புத்தூர்க்காரர்; கணவருக்கு இங்கே ஐ.டி. வேலை, அப்போது வெளிநாடு போயிருந்தார். மறுநாள் காலை புதுமனை புகுவிழா. கீழ் ஹாலில் எட்டு ஸ்பீக்கர். சுவர் சீத்தாப்பழத் தோலின் பச்சை, கொஞ்சம் சாம்பல் கலந்தது.

"இது எங்க வீட்டுக்காரர் ஆசைங்கண்ணா, எனக்கு இல்லீங்க," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "செவுத்துல வட்ட வட்டமா வடைய ஒட்டி வெச்சாப்புல தெரிஞ்சுதுன்னா, அத்தனையும் புடுங்கிப் பூசச் சொல்லீருவேன். அப்பறம் என்னைய கொற சொல்லப்படாது."

"தெரியாதும்மா," என்றேன். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு அப்போது இருந்தது.

அன்று காலை ஜெனி கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டாள். அவளுக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சேர்ந்து ஏழு மாதம். எங்கள் வீடு இருக்கும் மல்காஜ்கிரியிலிருந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வழியில் அந்தக் குடியிருப்பின் வளைவைக் காட்டி, "நாற்பத்திரண்டாம் நம்பர். டாடி இன்னைக்கு முழுக்க இங்கதான்" என்றேன்.

"எனக்கு கைக்கு சொல்றீங்க? நான் வந்து பெயிண்ட் அடிக்கவா?" என்றாள். ஏன் என்று கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குத் தக்னி உருதின் 'கைக்கு'தான். இங்கே படித்த பிள்ளை.

"சும்மா, தெரிஞ்சிருக்கட்டும்னு."

நான் அப்படித்தான். அவள் எங்கே போகிறாள் என்பதோடு நான் எங்கே இருக்கிறேன் என்பதையும் சொல்லிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

பதினொரு மணிக்குள் ஆறு கிரில் முடிந்து சுவரில் ஏறிவிட்டன. அப்படி ஒரு நிறம் என் கையில் அதற்குமுன் விழுந்ததில்லை. வாசற்படியில் நின்று பார்த்தபோது எனக்கே இரண்டைத் தேட வேண்டியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாடி வராந்தாவுக்குப் போனேன். டேப் கையிலேயே இருந்தது. எடுப்பது அரை நிமிட வேலைதானே, அப்புறம் எடுக்கலாம் என்று, துணியை உரிக்காமலே ஏழுக்கும் எட்டுக்கும் டேப்பை ஒட்டினேன். ஏழில் நேரம் எழுதினேன். அப்போதுதான் யாதகிரி வந்தான்.

ஜெனியின் போன் மணி அடித்தது, எடுக்கவில்லை. அவர்களுடைய கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும், மதியம் ஒரு மணிக்குத்தான் கையில் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இருபத்தேழு முறை அழைத்தேன். ஸ்கூட்டரில் போனேன். ஒரு கிலோமீட்டருக்கு முன்பே சாலையை மறித்திருந்தார்கள். குடோனில் டிரம் பற்றிக்கொண்டது, உள்ளே இருந்தவர்களைப் பின் கேட் வழியாக வெளியே அனுப்பிவிட்டார்கள், கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கே கொண்டுபோய் விடுவார்கள் என்றார் கான்ஸ்டபிள். ஒரு காகிதத்தில் மகள் பெயரை எழுதிக்கொண்டார். "இங்க நிக்காதீங்க, ஆம்புலன்ஸ் வரணும்" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

என் மனைவி ஸ்டெல்லா அழைத்தாள். "எங்க நிக்கீங்க? டிவில காட்டுதான். பஸ்ல கொண்டாந்து விட்டுருவான்னு கீழ்வீட்டு அக்கா சொல்லுதா. நீங்க வீட்டுக்கு வந்துருங்க."

சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று வில்லாவுக்கு வந்தேன். லத்தீஃப் பாய் அழைத்தார். யார் சொன்னார்களோ, அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"கையை நீட்டு. நடுங்குதா?"

போனைக் காதில் வைத்தபடி மறு கையை நீட்டிப் பார்த்தேன். "நடுங்குது பாய்."

"அப்ப இப்ப ஸ்கூட்டர் நக்கோ. மல்காஜ்கிரி ஒன்றரை மணி நேரம். மீதி எத்தனை?"

"ரெண்டு."

"அந்த ரெண்டையும் அடி. கை நின்னதும் கிளம்பு."

நான் வேலைக்குப் போனேன். டேப்பின் நுனிகள் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டேப் இருந்தால் துணி இல்லை. வருடக்கணக்கான பழக்கம். அடியில் விரித்திருந்ததும் வெள்ளைப் பழைய படுக்கைவிரிப்பு, ஆகவே ஓட்டைகளில் வெள்ளை தெரிந்ததும் உறுத்தவில்லை. அடித்தேன். ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்க்கவில்லை. பார்வையெல்லாம் போனில் இருந்தது. ஃபேனுக்கு அடியில் காயவைத்துக் கீழே கொண்டுபோய் மாட்டும்போது மணி பன்னிரண்டு நாற்பது.

ரேவதிக்கு அதுவரை விஷயம் தெரியாது. பூஜை சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வந்தவர் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். மறுநாளைக்கான நாதஸ்வரத்தைப் போட்டார்.

இடப்பக்கம் கணீரென்று வந்தது. வலப்பக்கம் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

"என்னங்கண்ணா, இந்தப் பக்கத்து நாயனக்காரருக்குச் சளி புடிச்சிருக்குதா?"

ஏழாம் கிரில்லைக் கழற்றித் திருப்பினேன். துணி அப்பளம்போல் விறைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய், "இதுக்குப் போயி அழுவாங்களாண்ணா?" என்றார். அப்புறம்தான் சொன்னேன்.

"எந்திரிச்சுக் கெளம்புங்கண்ணா மொதல்ல! இந்த ரெண்டு தகரம் எங்க போயிரும்?"

நான் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று ஸ்டெல்லா இன்றும் கேட்கிறாள். வேலை கெட்டுப்போயிற்று, சரிசெய்தாக வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பஸ் வந்து, எல்லோரும் இறங்கி, அவள் இறங்காமல் போனால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஓட்டை அடைந்த கிரில் கையில் இருக்கும்வரை அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கலாம். இதை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

துணியைச் சுரண்டி எடுத்தேன். தகட்டை வெந்நீரில் போட்டுத் தேய்த்தேன். ஒன்று ஐந்துக்கு ஸ்டெல்லா மறுபடி அழைத்தாள். பஸ் வந்துவிட்டது. ஜெனியோடு வேலை செய்யும் பெண் வந்திருக்கிறாள். ஜெனி பின் கேட்டில் தன் பக்கத்தில் நின்றதைப் பார்த்தாளாம். பஸ் ஏறும்போது காணோமாம்.

எழுந்து சாவியை எடுத்தேன். ரேவதி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போய்த் தேடுவீங்க? யாதகிரி கார எடுத்துட்டு அந்த ரோடெல்லாம் போயிப் பாக்கட்டும். நீங்க இங்கிருக்கறது அந்தப் புள்ளைக்குத் தெரியுமுங்களா?"

"காலைல காட்டினேன்."

"அப்பறம் என்னங்க? அது இங்க வந்து நின்னா, நானா அப்பனாவ முடியும்? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி எட்டாம் கிரில்லை எடுத்துக்கொண்டு, அடைந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினார். நான் ஏழாவதைக் குத்தினேன். "ஒரு தகரத்துல இத்தனை ஓட்டையாங்க? எவன் உக்காந்து போட்டான்?" என்றார். குத்திக்கொண்டே தன் கல்யாணத்தில் நாயனக்காரர் வராமல் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதிக்குமேல் எனக்குப் புரியவில்லை. ஆனால் நிறுத்திவிடப் போகிறாரே என்று பயந்து நடுநடுவே "அப்புறம்?" என்றேன்.

முடிந்ததும் இரண்டையும் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். அத்தனை ஓட்டையும் வெளிச்சம் விட்டது. மூன்று பூச்சு, லேசாக. கை நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. காய்ந்ததும் பின்னால் புதுத் துணி ஒட்டினேன். யாதகிரி வெறுங்கையோடு திரும்பி வந்து இன்னொரு சுற்றுப் போனான். இரண்டு ஐம்பதுக்கு எட்டாம் கிரில்லை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன்.

ஜெனிக்கு நடந்தது பிறகுதான் தெரிந்தது. அவளுடைய பை, போன், செருப்பு எல்லாம் லாக்கரில். பக்கத்தில் நின்ற யாரோ போன் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் பழைய எண். இரண்டு வருடத்துக்கு முன்பே நான் விட்டுவிட்டது. பஸ் கூட்டத்தில் இடம் இல்லை, அடுத்த பஸ் எப்போது என்று சொல்ல ஆளில்லை. டாடி நாலு கிலோமீட்டரில்தானே இருக்கிறார் என்று நடக்கத் தொடங்கிவிட்டாள். பெரிய சாலையை அடைத்திருந்ததால் வயல் பக்கமாகச் சுற்றி, இரண்டு இடத்தில் வழி தப்பி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் அவளைக் குடியிருப்பின் கேட்டிலிருந்து செக்யூரிட்டி அழைத்துவந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் பரிசோதனைக் கூடத்தில் போடும் பிளாஸ்டிக் குல்லாய், காலில் உறை, உறை கிழிந்து செம்மண். கோட்டில் புகை வாடை. ஹால் வாசற்படியில், சரியாக லத்தீஃப் பாய் ஆட்களை நிறுத்தும் இடத்தில், வந்து நின்றாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் கையை இருபக்கமும் விரித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டாடி, காலைலேருந்து இங்க என்ன பண்றீங்க? ஒரு ஸ்பீக்கர்கூட இன்னும் மாட்டல, கைக்கு?"